சூசன் டீச்சரின் இரண்டரை மணிப் பாடம்

போன மாதம் அபிராமி என்னைப் பார்க்க வந்தாள். நான் ஓய்வுபெறும் முன், கடைசி நான்கு வருடங்கள் எனக்குப் பக்கத்து வகுப்பறையில் ஆங்கிலம் படிப்பித்த பிள்ளை அவள். இங்கே கனடாவில், ஸ்காபரோவிலேயே பிறந்தவள். ஒரு வருடம் கொரியாவுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறாளாம். விண்ணப்பத்தை என் மேசையில் விரித்து வைத்தாள்.

"அன்ரி, இவங்கள் போட்டோ கேக்கிறாங்கள். லைக், வை? என்ர இங்கிலிஷுக்கும் முகத்துக்கும் என்ன கனெக்‌ஷன்?"

"அனுப்பன். உனக்கென்ன குறை?"

"அதில்லை அன்ரி. ஏற்கனவே ரெண்டு ஸ்கூல் என்ர பேரைப் பார்த்திட்டே பதில் போடேல்லை. அபி ஸ்மித் எண்டு போட்டா என்ன? ஜஸ்ற் கிடிங்."

"போடாதை!" என்றேன். நான் கத்திய கத்தில் அவளுடைய தேத்தண்ணிக் கோப்பை ஆடிப்போயிற்று. பிள்ளை பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது பகிடி இல்லை. என்ன நடந்தது என்று கேட்டாள், சொன்னேன். "இதை எழுதுங்கோ அன்ரி" என்றாள். எழுதுகிறேன்.

பிரியாவிடையன்று இந்த நகரத்தில் இத்தனை வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் என்று சொல்லி எனக்குப் பூச்செண்டு தந்தார்கள். அதில் முதல் பதினான்கு மாதமும் நான் நானாக இருக்கவில்லை என்பது பூச்செண்டு தந்தவர்களுக்குத் தெரியாது.

நான் ஊரில் பயிற்சிக் கல்லூரி முடித்து, ஒரு பெண்கள் பாடசாலையில் மூன்று வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்தேன். அந்தச் சான்றிதழுக்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை. அகதி வழக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஆனால் நிரந்தர வதிவிடப் பத்திரம், எங்கள் ஆட்கள் 'லாண்டட் பேப்பர்' என்று சொல்வது, வரவில்லை. என் பெயரும் பிறந்த தேதியும் ஒரு கடதாசியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்ததால் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேப்பர் வந்தால்தான் என் கணவரைக் கூப்பிடலாம். அவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். ஒருமுறை தெருவில் நின்றவரைத் தமிழன் என்பதற்காகப் பொலிசார் ஏற்றிக்கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். யாரோ எங்கேயோ செய்த ஒன்றுக்கு இவரா, இவரா என்று ஒருவனிடம் காட்டிக் கேட்டார்களாம். அவன் தலையாட்டவில்லை, இவர் வெளியில் வந்தார். அதற்குப் பிறகு தொலைபேசி அடித்தாலே எனக்குப் பயம்.

அந்த நான் போய் மாட்டிக்கொண்டது தொலைபேசி வேலையில்.

யங் ஸ்ரீற்றின் வடக்குப் பக்கம், ஒரு பிளாசாவின் மேல்மாடியில் ஒரு கொரியக்காரர் ஆங்கிலப் பள்ளி வைத்திருந்தார். பள்ளி என்றால் வகுப்பறை கிடையாது. பலகையால் தடுத்த ஆறு கூண்டு, கூண்டுக்கு ஒரு மேசை, ஒரு தொலைபேசி. அந்தக் காலத்தில் நகரத்தின் மூலைக்கடைகளில் எத்தனையோ கொரியக் குடும்பங்கள் நடத்தியவை. கல்லாவை விட்டு எழும்ப முடியாத கடைக்காரப் பெண்கள் எப்படி வகுப்புக்கு வருவது? ஆகவே நாங்கள் அவர்களைக் கூப்பிடுவோம். நாளுக்கு இருபது நிமிடம்.

அந்த மனிதரை எல்லாரும் டைரக்டர் என்றுதான் சொல்வோம். சாம்பல் நிறக் கார்டிகன், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. காலையில் ஆறு ரிசீவர்களையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தானே துடைப்பார். பிறகு காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு எங்கள் பாடங்களை மாறி மாறிக் கேட்பார். குரலை உயர்த்தியதே இல்லை. பென்சிலால் பலகையில் ஒருதரம் தட்டினால் மெதுவாகப் பேசு. இரண்டுதரம் தட்டினால் சிரி. சிரித்தால் குரலில் கேட்கும் என்பார். அவர் சொன்னது சரிதான்.

என்னைத் தொலைபேசியில்தான் வேலைக்கு எடுத்தார். நேரே போய் நின்றபோது கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "குரல் கனடா. முகம் வேறு. பரவாயில்லை, இங்கே முகம் தேவையில்லை" என்றார். அவருடைய விளம்பரம் கனடாவில் பிறந்த ஆசிரியர்கள் என்று சொல்லியது. அதனால் அன்று பின்னேரமே நான் சூசன் கிறீன் ஆனேன். கொரியர்கள் ஆசிரியரை வெறும் பெயரால் கூப்பிடமாட்டார்கள். ஆகவே சூசன் டீச்சர்.

சூசன் கிறீனுக்கு ஒரு அட்டையில் வாழ்க்கை எழுதித் தந்தார். வீடு டவுன்டவுன். அப்பா பல்வைத்தியர். சனிக்கிழமைகளில் ஸ்கேற்றிங். எனக்கு ஐஸைக் கண்டாலே கால் கூசும், அவளோ வாராவாரம் சறுக்கிக்கொண்டு திரிந்தாள்! வேலை கேட்கும் முன்பே ஒரு மாதம் ரேடியோ செய்தியோடு சேர்ந்து வாசித்து வாசித்து என் வாயிலிருந்து யாழ்ப்பாணத்தைத் துடைத்தவள், இப்போது நாள்தோறும் துடைத்தேன். ஒரு சொல் பிசகினாலும் வேலை போய்விடும் என்ற பயம். வேலைக் கடிதம் இல்லாவிட்டால் கணவரைக் கூப்பிடுவது இன்னும் தள்ளிப்போய்விடும் என்ற பயம். பயந்து பயந்தே நல்ல ஆசிரியையாகிவிட்டேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பாடத்தின் நடுவில் கடைக்கு ஆள் வந்தால் மாணவி தொலைபேசியை வைக்கக்கூடாது. ரிசீவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டு வியாபாரத்தைப் பார்க்கவேண்டும். ஆசிரியை கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். ஆள் போனதும் மாணவி ரிசீவரை எடுத்து, "பிழை இருந்ததா, டீச்சர்?" என்று கேட்பாள். நாங்கள் திருத்துவோம்.

மிசிஸ் யூன் என்னுடைய இரண்டரை மணி மாணவி. நாற்பது வயதிருக்கும். மத்தியானத்தில் கணவர் சாமான் எடுக்கப் போய்விட, நான்கு மணிவரை கடையில் தனியே நிற்பாள். அவளிடம் ஒரு பழக்கம். விளங்காத எதற்கும் 'யெஸ்' என்பாள். எதிரில் நிற்பவரைத் திருப்பிக் கேட்டால் மரியாதையில்லை என்று நினைப்பு. பால் நேற்றையதா? யெஸ். தபால் முத்திரை இல்லையா? யெஸ். மூன்றுதரம் யெஸ் என்றால் ஒன்றுமே விளங்கவில்லை என்று அர்த்தம். தலையும் ஆடியிருக்கும், அது எனக்குத் தெரியாது.

அந்தப் பழக்கத்தை முறிக்க மூன்று கிழமை பாடுபட்டேன். விளங்காவிட்டால், "ஸொறி, குட் யூ சே தற் அகெய்ன், ப்ளீஸ்?" என்று கேட்கவேண்டும். இன்னொருமுறை சொல்லுங்கள் என்று. நாளுக்கு இருபதுதரம் சொல்லவைத்தேன். "வெட்கப்படாதீர்கள் மிசிஸ் யூன், யாரும் கோபிக்கமாட்டார்கள்" என்றேன். நான்தான் சொன்னேன்.

அந்தக் கடையின் குரல்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். லொத்தர்ச் சீட்டு வாங்கும் கிழவர். இருமிக்கொண்டே சிகரெட் கேட்கும் பெண். மூன்று மணிக்குச் சற்று முன்னே, இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகும் ஒருவர்: "வன் கோலிங் கார்ட், சிஸ்டர்." அந்த முதல் நாலு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் ஆள்! ஊருக்குக் கதைக்கக் கார்ட் வாங்குகிறார். கடை எங்கே என்று எனக்குத் தெரியாது. முகவரிகளை டைரக்டர் தன் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருப்பார். மாணவியும் ஆசிரியையும் சந்தித்துவிடக்கூடாதே.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். கடைக் கதவின் மணி கேட்டது. "கஸ்ரமர்" என்று சொல்லி அவள் ரிசீவரைக் கிடத்தினாள். நான் பென்சிலை எடுத்தேன்.

"திற. கல்லாவைத் திற" என்றது ஒரு ஆண்குரல், ஆங்கிலத்தில். தாழ்ந்த குரல். இங்கேயே பிறந்து வளர்ந்தவனின் பேச்சு.

பிறகு மிசிஸ் யூன், நான் பழக்கிய அதே ராகத்தில், சிரிப்போடு: "ஸொறி, குட் யூ சே தற் அகெய்ன், ப்ளீஸ்?"

ஐயோ, என் கடவுளே!

"விளையாடுறியா? திற!"

"ஸொறி, குட் யூ சே தற் அகெய்ன், ப்ளீஸ்?"

கண்ணாடி உடைந்தது. அவள் கத்தவில்லை. மூச்சுமட்டும் கேட்டது. பயத்தில் அவளுடைய மூளை நின்றுவிட்டது, என் பாடம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம்தரமும் கேட்பாளோ, அவன் குத்திவிடுவானோ! ரிசீவருக்குள் நான் கத்தினால் அவனுக்குக் கேட்டுவிடும். ரிசீவரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு டைரக்டரிடம் ஓடினேன்.

"அட்ரஸ்! மிசிஸ் யூன் அட்ரஸ்! திருடன்!"

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. லாச்சியைத் திறந்தார், அட்டையை எடுத்தார், தானே 911 அடித்தார், ரிசீவரை என் கையில் திணித்தார். அட்டையைப் பார்த்தேன். கடை ஸ்காபரோவில், என் வீட்டிலிருந்து மூன்று பஸ் தரிப்பு. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் வந்துகொண்டிருந்தேன். முகவரியைச் சொன்னேன், கேட்டதைச் சொன்னேன். "உங்கள் பெயர்?" என்றாள் மறுமுனையில் பொலிஸ் அழைப்பை எடுத்த பெண்.

"சூசன் கிறீன்."

பதினான்கு மாதம் பழகிய வாய். சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது. பொலிசுக்குப் பொய்ப்பெயர்! பெயர் பொருந்தவில்லை என்று பேப்பரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நான் இன்னொரு பெயர் கொடுத்துவிட்டேன்.

கூண்டுக்குத் திரும்பினேன். தொடர்பு இன்னும் இருந்தது. மணி அடித்தது, அவன் ஓடிவிட்டான் போல. மிசிஸ் யூன் விம்மும் சத்தம். உயிரோடு இருக்கிறாள். நான் அவளைக் கூப்பிட்டேன், கிடக்கும் ரிசீவரில் யாருக்குக் கேட்கும்? பிறகு சைரன். கனத்த சப்பாத்துகள். யாரோ கதவடியில் இன்னொருவரைப் பிடித்து உள்ளே கொண்டுவரும் தள்ளுமுள்ளு.

"இவனா? தொப்பி, மூடிய முகம் என்றீர்களே. இந்த ஆளா?" என்றது ஒரு பொலிஸ்காரரின் குரல்.

"யெஸ்" என்றாள் மிசிஸ் யூன். "யெஸ். யெஸ்."

மூன்றுதரம்.

"சேர், ஐ ஒன்லி கம் ஃபோர் கோலிங் கார்ட்" என்றது அந்தக் குரல். "எவ்ரி டே ஐ கம். ஆஸ்க் சிஸ்டர். சிஸ்டர், ப்ளீஸ் ரெல் தெம்!"

யாரோ ரிசீவரை எடுத்து வைத்தார்கள். சத்தம் நின்றது.

டைரக்டரிடம் சொன்னேன், பிடிபட்டவர் திருடன் இல்லை, கார்ட் வாங்க வந்தவர் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் பார்த்தீர்களா?" என்றார். "கேட்டேன்" என்றேன். "சூசன் டீச்சர் பொலிசுக்குப் போனால் சூசன் டீச்சர் இருக்கமாட்டார். யோசித்துச் செய்யுங்கள்" என்றார். மிரட்டவில்லை. அவர் தன்னுடைய பள்ளியைச் சொன்னார், எனக்கு என் பேப்பர் தெரிந்தது.

நான் குடியிருந்த பேஸ்மென்டின் சொந்தக்காரி இராசமணி அன்ரி. அடுப்படியில் நின்ற அவவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உனக்கேன் பிள்ளை உந்த வில்லங்கம்?" என்றா. "உது கொழும்பே? அடிச்சுக் கொல்லமாட்டாங்கள். லோயரை வைப்பாங்கள், விட்டிடுவாங்கள். பேப்பர் வரட்டும், பேசாமல் இரு."

"விடாட்டி அன்ரி? அவரும் கேஸ் முடியாத ஆளெண்டா?"

"உன்ர மனுசனை நினைச்சுப் பாரடி!"

அவரைத்தான் நினைத்தேன். அதுதான் தொல்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வாசலில் கார்க்கதவு சாத்தினாலும் சூசன் கிறீனைத் தேடிப் பொலிஸ் வந்துவிட்டதோ என்று யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். ஒருநாள் அந்தக் கடையைத் தாண்டும்போது பஸ்ஸில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன், கட்டியிருந்த நாடாவை. கொழும்பில் என் கணவரைக் காட்டி இவனா என்று கேட்டபோது தலையாட்டாமல் நின்றவன் யாரோ எவரோ. அவனுக்கும் பயம் இருந்திருக்கும்தானே. நான் மட்டும் ஏன் இப்படி ஒளித்துத் திரிகிறேன் என்று என்மீதே எனக்கு வெறுப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகவில்லை. பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வாசலில் இரண்டுதரம் திரும்பி நடந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே நரைத்த தலைமயிர்ப் பெண் அதிகாரி ஒருவர். செவ்வாய்க்கிழமை அழைத்த சூசன் கிறீன் நான்தான், அது என் பெயர் இல்லை என்றேன். அகதிப் பத்திரத்தை நீட்டினேன். 

"ஏன் பொய் சொன்னீர்கள்?"

"அதுதான் என் வேலை" என்றேன். எனக்கே அது விசர்க்கதையாகக் கேட்டது. பிறகு டைரக்டர், கூண்டு, கிடத்திய ரிசீவர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"கடைக்காரப் பெண் கண்ணால் பார்த்து ஆம் என்கிறார். நீங்கள் தொலைபேசியில் கேட்டு இல்லை என்கிறீர்கள். எப்படி அவ்வளவு நிச்சயம்?"

"முதலில், அவர் மூன்றுதரம் யெஸ் சொன்னால் விளங்கவில்லை என்று அர்த்தம். கொரிய மொழி தெரிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள்."

"சரி. குரல்?"

திருடன் பேசியதை அவன் பேசியபடியே பேசிக் காட்டினேன். அது சூசனுக்குச் சுலபம். பிறகு மற்றவரைப் பேசிக் காட்டவேண்டும். பதினான்கு மாதம் துடைத்துத் துடைத்து ஒளித்த என் சொந்த வாயைத் திறந்தேன். "சேர், ஐ ஒன்லி கம் ஃபோர் கோலிங் கார்ட்." என் அப்பாவின் ஆங்கிலம், என் கணவரின் ஆங்கிலம், என்னுடைய ஆங்கிலம்.

அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"இப்படிப் பேசுபவர் அப்படிப் பேச முடியாதா?"

"முடியும்" என்றேன். "எனக்கு ஒரு மாதம் எடுத்தது, ரேடியோவை வைத்துக்கொண்டு. இன்றைக்கும் பயந்தால் பிசகும். பிடித்து உள்ளே தள்ளும்போது அவர் பேசியது நடிப்பில்லை. கல்லாவைத் திற என்றவன் பேசியதும் நடிப்பில்லை."

அவர் என்னை இன்னொருமுறை இரண்டையும் பேசச் சொன்னார். பேசினேன். பிறகு இரண்டு பெயர்களையும் எழுதி, கீழே கையொப்பம் வைக்கச் சொன்னார். இனிப் பொலிசுக்குப் பொய்ப்பெயர் கொடுக்கவேண்டாம் என்று கடுமையாகச் சொன்னார். என் பேப்பருக்கு என்ன ஆகும் என்று கேட்காமலே வெளியில் வந்தேன்.

நேரே டைரக்டரிடம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். எழுந்து தட்டச்சு செய்த ஒரு கடிதத்தைத் தந்தார். இன்னார் பதினான்கு மாதம் ஆங்கில ஆசிரியையாக நன்றாக வேலைசெய்தார் என்று, என் உண்மைப் பெயரில், ஒரு எழுத்துப் பிழையில்லாமல். தேதி முந்தினநாள் தேதி. பொலிசுக்குப் போய்விட்டுத்தான் வருவேன் என்று தெரிந்திருக்கிறது மனிதருக்கு! நான் வெளியேறும்போது இடுப்பை வளைத்துக் குனிந்தார். மேசையிலிருந்த என் ரிசீவரை அவர் பஞ்சால் துடைக்கத் தொடங்கியது கதவிடுக்கால் தெரிந்தது.

இந்தக் கதையை இதற்குப் பிறகு சுருக்கிவிடலாம். லாண்டட் பேப்பர் பதினொரு மாதம் கழித்து வந்தது. அந்தப் பதினொரு மாதமும் தபால்காரரைக் கண்டால் எனக்குக் குளிரும். கணவர் வந்தார். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் அடுத்த பள்ளியில் சேர்ந்தேன். ஆனால் அபிராமிக்கு நான் கடைசியாகச் சொன்னது இதைத்தான்.

வேலை போய் மூன்றாவது கிழமை, வீட்டில் தனியே இருந்தேன். சரியாக இரண்டரைக்குச் சுவரில் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"சூசன் டீச்சர்?"

மிசிஸ் யூன்! என் நம்பரை டைரக்டர் கொடுத்தாராம். முகவரிகளைப் பூட்டி வைத்த அந்த மனிதர்.

"நான் சூசன் இல்லை, மிசிஸ் யூன்."

"தெரியும். பொலிஸ் கொரிய ஆள் கூட்டிவந்தது. நான் சொன்னேன், அவர் இல்லை, எனக்கு விளங்கவில்லை, பயம், யெஸ் சொன்னேன். டீச்சர், உங்கள் பெயர் என்ன?"

"பத்மலோஜினி."

"ஸொறி, குட் யூ சே தற் அகெய்ன், ப்ளீஸ்?"

அந்த வாக்கியத்தை அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் யாருக்கும் படிப்பிக்கவில்லை, காதால் கேட்கவும் பயந்தேன். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை சொன்னேன். அவள் திரும்பவும் கேட்டாள். ஐந்தாம்தரம் பெயர் முழுதாக வந்தது, பின்னால் டீச்சரும் சேர்ந்து.

அப்போது கடை மணி அடித்தது. "கஸ்ரமர்" என்றாள். ரிசீவரைக் கிடத்தும் சத்தம். வைத்துவிடு, போனை வைத்துவிடு என்று என் மனம் அலறியது. நான் வைக்கவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். சப்பாத்து நடந்து வந்து நின்றது.

"வன் கோலிங் கார்ட், சிஸ்டர்."

கல்லா லாச்சி திறந்தது. "ஐ ஆம் ஸொறி" என்றாள் மிசிஸ் யூன். சிரிப்பு இல்லாத குரல். நான் பழக்காத குரல். "நான் தெரியாமல் யெஸ் சொன்னேன். ஐ ஆம் வெரி ஸொறி."

அவர் சில்லறையை எண்ணி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓகே, சிஸ்டர்" என்றார். கதவு மணி இன்னொருமுறை அடித்தது.

அவள் ரிசீவரை எடுத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பிழை இருந்ததா, டீச்சர்?"

"இல்லை" என்றேன்.